கடற்காற்று மருந்தாகுமா?
'தி அவுட்ரன்' திரைப்படம்: ஓர் அறிவியல் பார்வை

குடியிலிருந்து மீண்டவரைப் பற்றிய படங்களில் ஒரு காட்சி பெரும்பாலும் தவறாமல் வரும். கதாநாயகன் புட்டியைச் சுவரில் வீசி உடைப்பான். பின்னணி இசை ஓங்கும். மறு காட்சியில் அவன் புது மனிதன். மன உறுதி ஒன்றே போதும் என்று எண்ணியபடி நாமும் வீடு திரும்புவோம். 2024இல் வெளிவந்த 'தி அவுட்ரன்' என்னும் ஆங்கிலப் படம் இந்த வழியில் செல்லவில்லை. அறிவியல் ஆர்வமுள்ள வாசகர்கள் அதைக் கவனிக்க இதுவே போதிய காரணம்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஆர்க்னித் தீவுகளில், ஓர் ஆட்டுப் பண்ணையில் வளர்ந்தவர் ஏமி லிப்ட்ரொட். இலண்டனில் வாழ்ந்தபோது குடிக்கு அடிமையாகி, சிகிச்சை பெற்று, ஊர் திரும்பிய வரலாற்றை அவர் 2016இல் நூலாக வெளியிட்டார். ஜெர்மன் இயக்குநர் நோரா ஃபிங்ஷைட் அவருடன் சேர்ந்து திரைக்கதை அமைத்திருக்கிறார். படத்தில் அப்பெண்ணின் பெயர் ரோனா; உயிரியல் படித்தவள். அந்த வேடத்தில் சர்ஷா ரோனன் நடித்திருக்கிறார். 'அவுட்ரன்' என்பது பண்ணையின் கடைக்கோடியில் கிடக்கும் உழாத மேய்ச்சல் நிலத்தைக் குறிக்கும் சொல்.

மூளை மறவாத பாடம்

படம் காலவரிசைப்படி நகர்வதில்லை. தீவில் ஆடு குட்டி ஈன உதவிக்கொண்டிருக்கும் ரோனா, அடுத்த நொடி இலண்டனில் குடித்துவிட்டு ஆடிக்கொண்டிருப்பாள். அவள் தலைமுடிச் சாயத்தைப் பார்த்துத்தான் இது எந்தக் காலம் என்று நாம் கண்டுகொள்ள வேண்டும். முதல் அரை மணி நேரம் இது குழப்பமாகவே இருக்கும். ஆனால் குடிநோயைப் பற்றி விஞ்ஞானம் கண்டறிந்ததை நினைவிற்கொண்டால், இம்முறை எவ்வளவு பொருத்தமானது என்பது விளங்கும்.

நமது மூளையில் டோபமீன் என்னும் வேதிப்பொருளை வெளியிடும் நரம்பணுக்கள் உள்ளன. உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்னும் விஞ்ஞானி இவற்றைக் குரங்குகளிடம் ஆராய்ந்தார். அவரும் அவருடைய துணைவர்களும் 1990களில் வெளியிட்ட முடிவுகள் புகழ்பெற்றவை. தொடக்கத்தில், பழச்சாறு கிடைத்தபோது இந்த அணுக்கள் கிளர்ச்சியுற்றன. சாறு வருமுன் ஓர் அடையாளம் தோன்றும் என்பதைக் குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, அடையாளத்தைக் கண்டவுடனே கிளர்ந்தன. சாறு வந்தபோது வாளா இருந்தன. அதாவது, இன்பம் வரப்போகிறது என்று அறிவிக்கும் அடையாளத்தையே மூளை இறுகப் பற்றிக்கொள்கிறது.

மதுவும் இதே அமைப்பைத்தான் தூண்டுகிறது. ஆகவே ஒரு பாட்டு, ஒரு தெருமுனை, ஒரு மனத்தாங்கல் – இவற்றுள் எதுவும் பல மாதங்கள் கழித்தும் குடிவேட்கையை எழுப்பிவிடலாம். ஆளரவமற்ற தீவில் நடக்கும்போதும் ரோனா காதில் ஹெட்போன் மாட்டி, நகரத்து நடன இசையைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். உடல் தீவில் இருக்க, மனம் இலண்டனில் இருக்கிறது. நடுவில் ஒருமுறை சறுக்கிக் குடித்தும் விடுகிறாள். படம் அதை மறைக்கவில்லை; அதோடு அவள் கதையை முடித்துவிடவும் இல்லை. அவள் மறுபடியும் நாட்களை எண்ணத் தொடங்குகிறாள். மீண்டும் குடித்துவிட்டவரை 'இவன் திருந்தமாட்டான்' என்று தள்ளிவிடும் நமக்கு இது நல்ல பாடம். நீரிழிவு நோயாளிக்குச் சர்க்கரை மீண்டும் ஏறினால் மருத்துவத்தைக் கைவிடுகிறோமா என்ன?

படம் சொல்லாமல் விட்டது

ஆனால் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். உடல் மதுவை விட்டுப் பிரியும் முதல் சில நாட்களைப் பற்றிப் படம் அதிகம் சொல்லவில்லை. உயிருக்கு ஆபத்து நேர்வது அப்போதுதான்.

மது, மூளையின் வேகத்தைக் குறைக்கும் 'காபா' என்னும் பொருளின் செயலை மிகுவிக்கிறது. வேகத்தைக் கூட்டும் குளூட்டமேட்டின் செயலைத் தடுக்கிறது. ஒரு வண்டியின் பிரேக்கை யாரோ ஓயாமல் மிதித்துக்கொண்டிருப்பதாக எண்ணிப் பாருங்கள். வண்டி ஓட வேண்டுமானால் ஆக்சிலேட்டரையும் கூடுதலாக மிதித்தாக வேண்டும். பல ஆண்டுகள் குடித்தவரின் மூளை இப்படித்தான் பழகிப்போகிறது. திடீரென மது நின்றால் பிரேக் மட்டும் விடுபடுகிறது. ஆக்சிலேட்டர் அழுந்தியே இருக்கிறது. கைநடுக்கம், வியர்வை, உறக்கமின்மை தொடங்குகின்றன. முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். அதையடுத்துச் சிலருக்குச் சித்தப்பிரமை ஏற்பட்டு, சிகிச்சையின்றி விட்டால் உயிரும் போகலாம்.

எனவே நாள்தோறும் மிகுதியாகக் குடிக்கும் ஒருவரை அறையில் பூட்டி வைத்தோ, சத்தியம் வாங்கியோ திடீரென நிறுத்தச் செய்வது ஆபத்தானது. மருத்துவரின் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். பின்னர் வேட்கையைத் தணிக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும் உண்டு. இத்தகைய செய்திகளுக்குப் படத்தில் இன்னும் சில நிமிடங்கள் ஒதுக்கியிருக்கலாம்.

ஒரு பறவையின் குரல்

படத்தின் சிறந்த பகுதி ரோனாவின் வேலை பற்றியது. பறவைப் பாதுகாப்புச் சங்கத்துக்காக அவள் கார்ன்கிரேக் என்னும் பறவையைத் தேடி இரவுகளில் அலைகிறாள். இது நம் ஏரிக்கரைக் கானாங்கோழியின் குடும்பத்தைச் சேர்ந்தது; ஆப்பிரிக்காவிலிருந்து கோடையில் வலசை வருவது. உயர்ந்த புல்லுக்குள் மறைந்து வாழ்வதால் கண்ணில் படுவது அரிது. இரவில் ஆண் பறவை எழுப்பும் கரகரத்த குரலைக் கேட்டே கணக்கெடுக்கிறார்கள். புல்வெட்டும் இயந்திரங்கள் வந்தபின் கூடுகளும் குஞ்சுகளும் அழிந்து, இதன் தொகை மிகவும் குறைந்துவிட்டது.

வண்டியை நிறுத்திவிட்டு இருளில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதும், ஒன்றும் கேட்காமல் அடுத்த வயலுக்குப் போவதும்தான் அவள் வேலை. உடனடிப் பலன் ஏதும் இல்லாத இந்தப் பொறுமையை, மதுவுக்குப் பழகிய மூளை புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. எந்த வசனமும் இன்றி இதை உணர்த்தியிருப்பது இயக்குநரின் வெற்றி.

முடிவில் அவள் கடலலைகளுக்குத் தாளம் போடுவதுபோல் கைகளை வீசுவதும், ஒருவழியாகப் பறவையின் குரல் கேட்பதும் அழகாகவே இருக்கின்றன. ஆயினும் கடற்காற்றே அவளைக் குணப்படுத்தியது என்று பார்ப்பவர் எண்ணிவிடக்கூடும். உண்மையில் தீவுக்கு வருமுன்பே அவள் இலண்டனில் முறையாகச் சிகிச்சை பெற்றாள். தீவிலும் குடியை விட்டவர்களின் கூட்டங்களுக்குச் செல்கிறாள். பல ஆண்டுகளாகக் குடிக்காதிருந்தும் நாட்கணக்கை மறவாத ஒரு முதியவரையும் சந்திக்கிறாள். இந்தத் துணைகள் இல்லாதிருந்தால் தீவின் தனிமை அவளை மீண்டும் புட்டியிடமே சேர்த்திருக்கலாம்.

வாய்ப்புக் கிடைத்தால் இப்படத்தைப் பாருங்கள். உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ குடியை விட முயல்பவர் ஒருவர் இருக்கலாம். அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இன்று எத்தனையாவது நாள் என்று அன்போடு கேளுங்கள். எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க நேர்ந்தாலும் அவரைக் கைவிடாதீர்கள்.