டிப்ஸ் பேசினான், சரி. அப்புறம்?

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மனநல மருத்துவரும் இல்லை, உளவியல் படித்தவனும் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருஷமாகச் சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருப்பவன். எதையாவது தோண்ட ஆரம்பித்தால் அடிவரை போய்ப் பார்க்கும் கெட்ட பழக்கம் உண்டு. இந்தப் பதிவும் அப்படி வந்ததுதான்.

என் மகள் மூன்றாம் வகுப்பு படித்தபோது திங்கட்கிழமை காலை ஆனால் வயிற்றுவலி வரும். பிறகு செவ்வாய்க்கும் வந்தது. அப்புறம் வாரம் முழுக்க. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. பள்ளியில் "தெரபிக்குக் கூட்டிட்டுப் போங்க சார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். தெரபி என்றால் என்ன நடக்கும், எத்தனை நாள் ஆகும், பலன் கிடைக்குமா என்று சொல்ல ஆள் இல்லை. அப்போது நண்பர் ஒருவர் கையில் திணித்த புத்தகம்தான் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் எழுதிய 'டிப்ஸ்: இன் சர்ச் ஆஃப் செல்ஃப்'. குழந்தை வளர்ப்பு டிப்ஸ் என்று நினைத்துத்தான் வாங்கிக்கொண்டேன். டிப்ஸ் என்பது ஒரு பையனின் பெயர்.

ஒரே ராத்திரியில் படித்து முடித்தேன். இரண்டு இடத்தில் கண் கலங்கியது. மறுநாள் காலை என் மனைவியிடம் நான் சொல்லக்கூடாத ஒரு வார்த்தையைச் சொன்னேன். இந்த விமர்சனத்தை எழுத அதுதான் காரணம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிப்ஸுக்கு ஐந்து வயது. நியூயார்க்கில் வசதியான வீட்டுப் பிள்ளை. அப்பா விஞ்ஞானி, அம்மா அறுவைசிகிச்சை நிபுணராக இருந்து குழந்தைக்காக வேலையை விட்டவர். பள்ளியில் அவன் யாரிடமும் பேசமாட்டான், மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வான், வீட்டுக்குக் கிளம்பும் நேரம் வந்தால் அடிப்பான், கடிப்பான். மூளை வளர்ச்சி இல்லாத குழந்தையோ என்றுகூட ஒரு சந்தேகம். ஆக்ஸ்லைன் அவனை வாரம் ஒரு மணி நேரம் விளையாட்டறையில் சந்திக்கிறார். மணல், பொம்மை வீடு, பெயின்ட், பால் புட்டி எல்லாம் அங்கே இருக்கின்றன. என்ன செய் என்று அவர் சொல்வதே இல்லை. அவன் சொல்வதை, அதற்குப் பின்னால் இருக்கும் உணர்ச்சியை, திருப்பிச் சொல்கிறார். அவ்வளவுதான். பையன் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொள்கிறான். அப்பா என்று ஒரு பொம்மையை மணலில் புதைக்கிறான். வாரம் போகப்போக அந்தக் கோபம் கரைகிறது. கடைசியில் ஐக்யூ சோதனை வைக்கிறார்கள். 168 வருகிறது.

புத்தகம் வெளிவந்தது 1964இல். இன்றைக்கும் விற்கிறது. விற்பதில் ஆச்சரியமே இல்லை. ஆக்ஸ்லைன், கார்ல் ரோஜர்ஸின் வழியில் வந்தவர். 1947இல் விளையாட்டு சிகிச்சை பற்றி எழுதிய நூலில் எட்டு விதிகளைச் சொன்னார். குழந்தையை இருக்கிறபடி ஏற்றுக்கொள், அவசரப்படுத்தாதே, குழந்தை முன்னே போகட்டும், நீ பின்னே போ என்ற மாதிரி. எட்டாவது விதி எனக்கு ரொம்பப் பிடித்தது: எல்லை வேண்டும், ஆனால் நிஜ உலகத்தோடு குழந்தையைக் கட்டிவைக்கத் தேவையான அளவுக்கு மட்டும். டிப்ஸ் எவ்வளவு அழுதாலும் ஒரு மணி நேரம் முடிந்தால் முடிந்ததுதான். அன்பு என்றால் எதற்கும் தலையாட்டுவது இல்லை என்று அந்த அறை காட்டுகிறது. இன்னொன்று, ஆக்ஸ்லைன் "சமத்து, வெரி குட்" என்று கொஞ்சுவதும் இல்லை. பாராட்டுக்காக ஆடும் பிள்ளையாக அவனை மாற்ற அவருக்கு விருப்பம் இல்லை. நம் வீடுகளில் இதைக் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

இனி என் குறைகள்.

முதல் குறை அந்த 168. மேஜைக்கு அடியில் இருந்த பிள்ளை மேதையாக வெளியே வருவது சினிமா மாதிரி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் படிக்கும் பெற்றோர் மனதில் அது என்ன செய்கிறது? 'நம்ம பிள்ளைக்குள்ளயும் ஒண்ணு ஒளிஞ்சிருக்கு' என்ற ஆசையை விதைக்கிறது. ஐக்யூ 90 வந்திருந்தால் அந்தச் சிகிச்சை தோல்வியா? பேசாத பிள்ளை பேசியதும், பயந்த பிள்ளை சிரித்ததும் போதாதா? குழந்தையை இருக்கிறபடி ஏற்றுக்கொள் என்று சொல்லும் புத்தகம், கடைசிப் பக்கங்களில் மார்க் ஷீட்டைக் காட்டி நம்மைச் சமாதானப்படுத்துகிறது.

இரண்டாவது குறை, அதில் சறுக்கலே இல்லை. இங்கேதான் நான் இன்னொரு ஆவணத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். டிப்ஸுக்கு நாற்பது வருஷம் முன்னால், 1924இல், மேரி கவர் ஜோன்ஸ் என்ற இளம் ஆய்வாளர் பீட்டர் என்ற மூன்று வயதுக்குக் கொஞ்சம் குறைந்த பையனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பீட்டருக்கு முயல் என்றால் பயம். அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து, அவன் சாப்பிடும்போது கூண்டோடு முயலைத் தூரத்தில் வைத்தார்கள். நாளாக நாளாகக் கிட்டே கொண்டுவந்தார்கள். முயலுக்குப் பயப்படாத பிள்ளைகளையும் கூட விளையாடவிட்டார்கள். பையன் எந்த நிலையில் இருக்கிறான் என்பதற்கு 17 படிகள் குறித்து வைத்திருக்கிறார் ஜோன்ஸ். அறையில் எங்கே முயல் இருந்தாலும் பயம் என்பது முதல் படி. விரலை முயல் கொறிக்க விடுவது கடைசிப் படி.

நடுவில் பீட்டருக்கு ஸ்கார்லெட் காய்ச்சல் வந்தது. சுமார் இரண்டு மாதம் ஆஸ்பத்திரி. அங்கிருந்து கிளம்பும்போது ஒரு பெரிய நாய் மேலே பாய, ஏறிய படியெல்லாம் சரிந்து பயம் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. ஜோன்ஸ் அதை மறைக்கவில்லை. நடந்தது நடந்தபடி எழுதிவிட்டு, மறுபடி ஆரம்பிக்கிறார். பக் ரிப்போர்ட் எழுதிப் பழகிய எனக்கு அந்தப் பக்கத்தைப் படித்தபோது கைகொடுக்கவேண்டும் போல இருந்தது. டிப்ஸின் கதை, உள்ளுக்குள் எவ்வளவு வலி இருந்தாலும், மொத்தத்தில் ஏறுமுகமாகவே போகிறது. நிஜத்தில் பிள்ளைகள் அப்படி ஏறுவதில்லை. நன்றாகப் போய்க்கொண்டிருந்த என் மகள் காலாண்டு விடுமுறைக்குப் பிறகு பழைய இடத்துக்கே வந்து நின்றாள். டிப்ஸ் மட்டும் படித்திருந்தால் 'தெரபி வேலை செய்யலை' என்று அன்றே நிறுத்தியிருப்பேன். பீட்டரையும் படித்திருந்ததால் நிறுத்தவில்லை.

மூன்றாவது குறைதான் பெரிது. டிப்ஸ் ஏன் அப்படி ஆனான்? புத்தகம் தரும் பதில் வீடு. அன்பு காட்டத் தெரியாத பெற்றோர், முக்கியமாக அம்மா. அந்த அம்மா ஒரு நாள் ஆக்ஸ்லைனிடம் வந்து உடைந்துபோகிறார். நினைத்துப் பார்க்காத கர்ப்பம், விட்டுப்போன வேலை, பிள்ளைக்கு ஏதோ குறை என்ற அவமானம், அதை மறைக்கப் பாடமாகச் சொல்லிக்கொடுத்துத் தள்ளியது எல்லாம் கொட்டுகிறார். ஆக்ஸ்லைன் அவரைத் திட்டவில்லை. மரியாதையாகவே நடத்துகிறார். அதையும் சொல்லவேண்டும். ஆனால் கதையின் அமைப்பு தீர்ப்பை எழுதிவிடுகிறது: அம்மா குளிர்ந்தாள், பிள்ளை உறைந்தான். அம்மா மாறினாள், பிள்ளை உருகினான்.

அந்தக் காலத்துக் காற்று அது. 1967இல் புரூனோ பெட்டல்ஹெய்ம் ஆட்டிசத்துக்கே பெற்றோரின் குளிர்ச்சிதான் காரணம் என்று ஒரு புத்தகம் போட்டு, எத்தனையோ தாய்மாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார். வேடிக்கை என்னவென்றால், டிப்ஸ் வந்த அதே 1964இல்தான் பெர்னார்ட் ரிம்லண்டின் புத்தகமும் வந்தது. அவர் உளவியலாளர், ஆட்டிசம் உள்ள பையனுக்கு அப்பா. தாயைப் பழிசொல்ல ஆதாரமே இல்லை, காரணத்தை உடலில், நரம்பில் தேடுங்கள் என்று வாதிட்டார். ஆட்டிசம் விஷயத்தில் காலம் அவர் பக்கம்தான் நின்றது. டிப்ஸுக்கு என்ன இருந்தது என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. ஆனால் ஒற்றைக் காரணத்தை அவ்வளவு உறுதியாகப் பிடித்துக்கொள்ளும் எந்தக் கதையையும் கொஞ்சம் தள்ளி நின்று படிக்கவேண்டும்.

நான் தள்ளி நிற்கவில்லை. அந்த வருஷம்தான் என் மனைவி மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார். புத்தகம் முடித்த காலையில், டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தவரிடம், "நீ ஆபீஸ் போக ஆரம்பிச்சதுலேர்ந்துதான் இதெல்லாம்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. டப்பாவை மூடிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பிறகு நாங்கள் பார்த்த உளவியலாளரிடம் விளையாட்டறை எதுவும் இல்லை. முதல் இரண்டு வாரம் மகளைவிட எங்கள் இருவரிடம்தான் அதிகம் பேசினார். ஒரு நோட்டு போடச் சொன்னார்: வலி எப்போது வருகிறது, அதற்கு முன் என்ன நடந்தது, வந்த பிறகு யார் என்ன செய்தார்கள். மூன்றாவது பத்தியில்தான் குட்டு வெளிப்பட்டது. வலி வந்ததும் நான்தான் "சரி, இன்னைக்கு லீவு போட்டுக்கோ கண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவன், பக்கத்திலேயே உட்காரவைத்து கார்ட்டூனும் போட்டுக்கொடுத்தேன். அவளுடைய பயம் நிஜம், வலியும் நிஜம். ஆனால் ஒவ்வொரு லீவும் அந்தப் பயத்துக்குத் தீனி. தீனி போட்டது அப்பா. பிறகு பீட்டருடைய படிகள் மாதிரியே ஒரு ஏணி போட்டோம். கேட் வரை, வகுப்பு வாசல் வரை, முதல் பீரியட் வரை, மதியம் வரை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2008இல் அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரையுள்ள 488 பேரை வைத்துப் பதற்றக் கோளாறுக்கு ஒரு பெரிய சோதனை நடந்தது. வெறும் மாத்திரை வில்லை வாங்கியவர்களில் சுமார் 24 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள். பயத்தைப் படிப்படியாகச் சந்திக்கவைக்கும் சிபிடி சிகிச்சையில் சுமார் 60 சதவீதம். சிகிச்சையோடு மருந்தும் சேர்ந்தபோது 81. யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் குழு 124 பிள்ளைகளை வைத்துச் செய்த சோதனை இன்னும் சுவாரசியம். ஒரு பிரிவில் பிள்ளைகளுக்கு சிபிடி. இன்னொரு பிரிவில் பிள்ளைகளைத் தொடவே இல்லை, பெற்றோருக்கு மட்டும் பயிற்சி. பலன் கிட்டத்தட்ட சமம். விளையாட்டு சிகிச்சையும் சும்மா இல்லை. 2005இல் 93 ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் நல்ல பலன் இருப்பதாகவே சொன்னார்கள், பெற்றோரே பயிற்சி பெற்று நடத்தியபோது பலன் இன்னும் கூடியது. அந்த ஆய்வுகளின் தரத்தைப் பற்றி விமர்சனம் உண்டு.

ரொம்பவும் துள்ளாமல் இருக்க இன்னொரு கணக்கு. 2017இல் ஜான் வைஸும் சகாக்களும் ஐம்பது வருஷத்தில் நடந்த 447 சோதனைகளைத் தொகுத்தார்கள். சிகிச்சை பெற்ற ஒரு பிள்ளையையும் ஒப்பீட்டுக் குழுவில் ஒரு பிள்ளையையும் குத்துமதிப்பாக எடுத்தால், சிகிச்சை பெற்றவர் நன்றாக இருக்க வாய்ப்பு 63 சதவீதம். காசு சுண்டினாலே 50. பதற்றத்துக்குப் பலன் அதிகம், மனச்சோர்வுக்குக் குறைவு. தெரபி மாயமும் இல்லை, மோசடியும் இல்லை. எந்தப் பிரச்சினைக்கு எந்தச் சிகிச்சை என்று கேட்டுத்தான் போகவேண்டும்.

இதில் பெற்றோர் என்ற குழப்பமான சொல்லைப் பிரித்துப் பாருங்கள். டிப்ஸ் கதையில் பெற்றோர் நோய்க்குக் காரணம். மேலே சொன்ன சோதனைகளில் பெற்றோர் மருந்தின் ஒரு பகுதி. நான் லீவு கொடுத்ததால் மகளுக்குப் பயம் வரவில்லை. வந்த பயம் போகாமல் இருந்ததற்கு அது உதவியது. யார் மேல் தப்பு என்று தேடினால் வீட்டில் சண்டைதான் வரும். எதை மாற்றினால் நகரும் என்று தேடினால் திங்கட்கிழமை காலையில் செய்வதற்கு ஒரு வேலை கிடைக்கும். அந்த வித்தியாசம் புரிய எனக்கு நான்கு மாதம் ஆனது. மன்னிப்பு கேட்க இன்னும் ஒரு வாரம்.

டிப்ஸைப் படிக்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். ஒரு குழந்தையோடு அவசரம் இல்லாமல் ஒரு மணி நேரம் உட்காருவது எப்படி என்பதை அதைவிட அழகாகக் காட்டிய புத்தகம் என் கையில் கிடைக்கவில்லை. ஆனால் முதலில் பீட்டர் கட்டுரையைப் படியுங்கள், சில பக்கங்கள்தான். அதற்குப் பிறகு டிப்ஸைத் திறங்கள்.

மகள் இப்போது ஐந்தாம் வகுப்பு. நீண்ட விடுமுறை முடிந்தால் முதல் நாள் வயிறு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். "எந்தப் படியில இருக்கே?" என்று கேட்டால் அவளே எண் சொல்லுவாள். போன மாதம் என் மனைவியும் புத்தகத்தைப் படித்து முடித்தார். எப்படி இருக்கு என்று கொஞ்சம் பயந்துகொண்டேதான் கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்குங்க. அந்த அம்மா வந்து உக்காந்து எல்லாத்தையும் சொல்லி அழுதுட்டுப் போறா. அந்த அப்பா எத்தனை தடவை வந்து உக்காந்தாரு?"

புத்தகத்தை மறுபடி எடுத்துப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.