சிதைந்த ஏடும் அடுக்களையும்: ‘வெண்பா’ காணொளி விளையாட்டின் தலைமை மாந்தர்

காணொளி விளையாட்டுகளுள் பெரும்பாலானவை புறத்திணைப் பாங்கின. ஆநிரை கவர்தல், மண் கொள்ளுதல், மதில் முற்றுதல், எதிர்நின்று பொருதல் என வெட்சி முதல் தும்பை வரையிலான நிகழ்வுகளை அவற்றில் எளிதில் இனங்காணலாம். எதிர்பாராத மாந்தரைத் தலைமைப்படுத்தும் ஆக்கங்களும் இப்பாங்கிலிருந்து முற்றிலும் விலகுவதில்லை. புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020-இல் வெளியிட்ட ‘ராஜி’யின் தலைவி கூத்தாடும் எளிய பெண், ஆயினும் தம்பியை மீட்கத் தெய்வப் படைக்கலம் அவள் கைக்கு வந்துவிடுகிறது. லூகாஸ் போப்பின் ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ (2013) எல்லைச் சாவடி எழுத்தரைத் தலைவனாக்கி, அவர் கையில் முத்திரைக் கட்டையைத் தந்தது. இது துணிந்த விலகல்.

டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’ இன்னும் ஒரு படி விலகுகிறது. 1980-களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம்: தாய் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். ஆட்டக்காரர் செய்ய வேண்டியது சமையல். 2024-இல் இவ்விளையாட்டு பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதையும், இண்டிபெண்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலின் பெரும்பரிசையும் பெற்றது.

அகமரபில் உடன்போக்கின்பின் மகளை எண்ணிப் புலம்பும் நற்றாய்க்கும் செவிலிக்கும் கூற்று உண்டு, தலைமை இல்லை. ‘வெண்பா’ அந்தக் கூற்றுரிமையைத் தலைமையாக உயர்த்துகிறது. இங்கே பிரிந்து செல்பவன் மகன். அவன் முதலில் பிரிவது வீட்டையன்று, மொழியை. எனினும் ‘தாய்மையைப் போற்றும் விளையாட்டு’ என்ற பாராட்டு இதன் சிறப்பைத் தொடவில்லை. இதன் புதுமை, தலைவிக்கு எதிராக நிறுத்தப்பட்டுள்ள பொருளில் இருக்கிறது. அப்பொருள் வெண்பாவின் தாய் தந்த சமையற் குறிப்பேடு. சில வரிகள் அழிந்தும் சில பக்கங்கள் கிழிந்தும் உள்ளன. இட்டிலித் தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் ஆவி மேலேறும் என்பதை ஆட்டக்காரர் உய்த்துணர வேண்டும். இது பதிப்பாசிரியர் பணி. சீவகசிந்தாமணியை 1887-இலும் புறநானூற்றை 1894-இலும் பதிப்பித்த உ.வே.சாமிநாதையருக்கு ஒப்புநோக்கப் பல ஏடுகள் இருந்தன. இங்கே இருப்பது ஒற்றைப் பிரதி. ஊகித்த பாடம் சரியா என்பதைப் பாத்திரமும் ஆவியுமே உறுதிசெய்கின்றன. ஏட்டறிவு அழிந்த இடத்தைக் கையறிவு நிரப்பும் என்னும் இக்கருத்து உரையாடலில் சொல்லப்படவில்லை. ஆட்ட விதியாகவே அமைந்துள்ளது.

ஆட்டம் கவினின் கைக்கு மாறும்போது இவ்விதி கூர்மை பெறுகிறது. தாய்க்குப் புலப்படாதவை அழிந்த வரிகள் மட்டுமே. மகனுக்கோ அழியாத வரிகளும் முழுமையாக வசப்படுவதில்லை. எழுத்து இருந்தும் வாசகன் இல்லாத நிலை ஏட்டுச் சிதைவினும் கொடிது. விருதுகள் தாயை நோக்கித் தரப்பட்டிருக்கலாம். ஆனால் உண்மையில் எதிர்பாராத தலைவன் தாய்மொழி படிக்கத் தடுமாறும் இம்மகனே.

குறையும் உண்டு. தவறான அடுக்கிற்கு இங்கே இழப்பில்லை, மீண்டும் முயலலாம். இதனால் பாடமீட்பு உறுதியான வெற்றியாகிறது. மொழியிழப்போ அவ்வாறு மீட்கக்கூடியதாகக் கதையில் காட்டப்படவில்லை. விதி ஆறுதல் தருகிறது, கதை தர மறுக்கிறது. இவ்விரண்டிற்கும் இடையிலான முரணை ஆக்கம் எதிர்கொள்ளவில்லை.

பார்வைக் கோணத்தின் சிக்கல் கோவை வடபுறத்திலிருந்து நோக்கினால் தெளிவாகும். 2011-இல் மாநகராட்சியோடு இணைந்த சரவணம்பட்டி, சத்தி சாலையின் தகவல் தொழில்நுட்ப வளாகங்களால் உருமாறிய ஊர். மகனை அயல்நாட்டுக்கு அனுப்பிவிட்டுக் கைப்பேசித் திரையில் அவனைக் காணும் தாய் இங்கே கற்பனை மாந்தரல்லள். விளையாட்டில் தமிழ்நாடு திரும்பிய வெண்பாவோ, மகன் தேடி வரும் இறுதிப் பகுதிக்காகக் காத்திருக்கிறாள். இடைப்பட்ட அவளது அன்றாடம் ஆடப்படுவதில்லை. புவிசார் குறியீடு பெற்ற மாவரைக்கும் கிரைண்டரின் ஊர் கோயம்புத்தூர். அவ்வூரார் உடனே கவனிக்கக்கூடிய மற்றொன்றும் உண்டு: இட்டிலிப் புதிர் ஆயத்தமான மாவிலிருந்து தொடங்குகிறது. அரிசியும் உளுந்தும் ஊறும் பகலும், அரைத்த மாவு புளிக்கும் இரவும் ஆட்டத்திற்கு வெளியே நின்றுவிடுகின்றன.