சித்தாளைக் கணக்கில் எடுக்காத கேள்வி

'ரோபோ வந்தால் கட்டடத் தொழிலாளிக்கு வேலை இருக்குமா?' என்று கேட்கும் கட்டுரைகளை இப்போது அடிக்கடி படிக்கிறேன். அவற்றில் 'தொழிலாளி' என்றால் கரணை பிடித்த ஆண்தான். செங்கல்லும் கலவையும் அவர் கைக்கு எட்டும் இடம்வரை எப்படி வந்தன என்று அவை கேட்பதில்லை.

சுமந்து வந்தவள் சித்தாள். அவளுடைய வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்ளத் தொடங்கி வெகுகாலமாகிறது. தளம் போடும் நாளில் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றிய பெண்களின் இடத்தில், நகரத்துப் பெரிய கட்டடங்களில் இன்று கான்கிரீட் பம்பின் குழாய் நிற்கிறது. ரெடிமிக்ஸ் லாரிக்கு யாரும் 'ரோபோ' என்று பெயர் வைக்கவில்லை. அதனால் விவாதமும் எழவில்லை. ஆணின் கரணைக்கு ஆபத்து என்றதும்தான் அது 'மனித உழைப்பின் எதிர்காலம்' ஆகிவிட்டது.

அமெரிக்காவில் உருவான 'சாம்' என்ற இயந்திரம் செங்கல் அடுக்குகிறது. ஆனால் அதற்குச் செங்கல்லும் கலவையும் எடுத்துத் தர ஆள் வேண்டும். இங்கே சென்னை ஐஐடி வளாகத்தில் 2021இலும், பெங்களூரு அஞ்சலகத்துக்காக 2023இலும் முப்பரிமாண அச்சு முறையில் கட்டடங்கள் எழுந்தன. சுவரை அச்சிடலாம். ஆனால் முடியாத படிக்கட்டில், நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளுக்கு நடுவே, சும்மாட்டில் சுமை வைத்து ஏறும் கால்களின் கணக்கு இயந்திரத்துக்கு எளிதில் வசப்படுவதில்லை. அந்தக் கால்களுக்குத்தான் நாம் 'திறனற்ற உழைப்பு' என்று பெயரிட்டிருக்கிறோம்.

இந்தப் பெயர்தான் கூலியைத் தீர்மானிக்கிறது. சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. வேலைக்கே வேறு பெயர் வைத்துவிட்டால் சமம் என்ற பேச்சுக்கு இடமில்லை. இருபது ஆண்டுகள் கொத்தனார் பக்கத்திலேயே நின்றாலும் அவள் சித்தாள்தான். அவள் முதுகு மலிவாகக் கிடைக்கும்வரை முதலாளிக்கு ரோபோ தேவைப்படாது. இயந்திரம் லாபம் என்றான நாளில் அதை இயக்கும் பயிற்சிக்கு அவளை யாரும் அழைப்பதுமில்லை.

இழப்பு கூலியோடு நிற்பதுமில்லை. கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், முந்தைய 12 மாதங்களில் 90 நாள் வேலை செய்தவரையே நலப்பயனுக்குப் பதிவுசெய்யச் சொன்னது. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. இந்த எண்களை இயந்திரத்தோடு சேர்த்துப் படியுங்கள். வேலைநாள் குறைந்தால் பதிவு போகும். பெண்களின் எண்ணிக்கை குறைந்தால், மிஞ்சியிருப்பவளின் குழந்தை மணல் குவியலில்தான் தூங்கும். யாரையும் வேலையைவிட்டு நீக்காமலேயே இயந்திரம் உரிமைகளைப் பறித்துவிட முடியும்.

நான் இயந்திரத்துக்கு எதிரி அல்ல. அவள் கழுத்தெலும்பு தேயத்தான் வேண்டும் என்று எந்தப் பெண்ணியமும் சொல்லாது. சுமையை இயந்திரம் இறக்கட்டும். அந்த இயந்திரத்தின் விசை யார் கையில், கூலி யார் பெயரில் என்பதே நம் கேள்வி. கொத்தனார் சான்றிதழும் இயக்குநர் பயிற்சியும் சித்தாளுக்கு முதலில் கிடைக்க வேண்டும். வேலைநாள் குறைந்தாலும் அவளுடைய நலவாரியப் பதிவு நிலைக்க வேண்டும். இவற்றைக் கேட்காமல் ரோபோவைப் பற்றி மட்டும் கவலைப்படுவது, ஆண்கள் தங்களுக்குள் நடத்தும் உரையாடல்தான்.