யாத்தவரே பாடிய பாட்டு
(நித்தி கனகரத்தினமும் ஈழத்துப் பொப் இசையும்)

சொல், பண், குரல் என்னும் மூன்றும் கூடியதே பாட்டு. இம்மூன்றும் ஒருவரிடமிருந்தே பிறப்பதுண்டு. மூவரிடமிருந்து வந்து ஓரிடத்திற் கூடுவதுமுண்டு. நம் காலத்துத் தமிழ்ப் பாடல்களிற் பெரும்பாலானவை இரண்டாம் வகையைச் சார்ந்தவை. திரையுலகில் இசையமைப்பாளர் மெட்டைத் தருகிறார். கவிஞர் அம்மெட்டின் அளவுக்குச் சொற்களைப் பொருத்துகிறார். பின்னணிப் பாடகர் ஒலிவாங்கியின் முன் நின்று பாடுகிறார். திரையில் வாயசைப்பவரோ நான்காமவர். இம்முறையால் ஒப்பற்ற பாடல்கள் பல நமக்குக் கிட்டியுள்ளன என்பதை மறுப்பாரிலர். ஆயினும், தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, தாமே பாடும் தனிக்கலைஞரின் பாட்டுக்கு வேறொரு தன்மை உண்டு. அத்தன்மை யாது என்பதை, ஈழத்தில் தமிழ்ப் பொப் இசையின் முன்னோடியாகப் போற்றப்பெறும் நித்தி கனகரத்தினத்தின் பாடல்களைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'பொப் இசை' என்ற பெயரைக் கண்டதுமே, இலக்கிய மலரில் இதற்கென்ன வேலை என்று வினவும் அன்பர்கள் இருக்கலாம். இலங்கைத் தமிழர் அவ்வாறே எழுதுகின்றனர். 'துள்ளிசை' என்று தமிழாக்கியும் வழங்குகின்றனர். பெயர் புதிதேயன்றி, அது எழுப்பும் வினா பழையது. அவ்வினாவுக்கு விடை காணச் சிலம்பிலிருந்தே தொடங்குதல் பொருந்தும்.

சிலம்பு காட்டும் இரு நெறிகள்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவியின் ஆடலுக்குத் துணைநின்றோரை இளங்கோவடிகள் தனித்தனியே வரிசைப்படுத்துகிறார். ஆடலாசிரியன் வேறு, இசையாசிரியன் வேறு, பாட்டியற்றும் புலவன் வேறு. தண்ணுமையோனும் குழலோனும் யாழாசிரியனும் வேறு வேறு. இன்றைய திரையிசைக் கூடத்தின் அமைப்பை இக்காதையிலேயே கண்டுவிடலாம். பலர் கூடி ஒன்றை ஆக்கும் நெறி நமக்குப் புதிதன்று.

ஆனால் அதே காப்பியம் கானல்வரியில் மற்றொரு நெறியையும் காட்டுகிறது. புகார்க் கடற்கரையில் கோவலன் யாழை வாங்கித் தானே பாடுகிறான். பின்னர் மாதவி அதனை வாங்கித் தன் பாட்டைப் பாடுகிறாள். அங்கே அவைக்களம் இல்லை; புலவர் இல்லை; பக்கவாத்தியம் இல்லை. ஒரு யாழ், ஒரு குரல், அவ்வப்போது பிறக்கும் சொல், அவ்வளவே. அதன் விளைவு யாது? மாதவியின் பாட்டைக் கோவலன் பாட்டென்று கொள்ளாது, அவள் நெஞ்சின் வாக்குமூலமாகவே கொண்டுவிட்டான். காப்பியத்தின் போக்கே மாறிற்று. யாத்தவரே பாடும்போது கேட்பவர் அச்சொல்லைப் பாடுபவரின் சொல்லாகவே ஏற்பர் என்னும் உண்மை இதனாற் புலனாகும். அவ்வகைப் பாட்டின் ஆற்றலும் அதுவே, ஆபத்தும் அதுவே.

சொல்லும் பண்ணும் ஒருங்கே படைப்போரை நம் இசைமரபு 'வாக்கேயக்காரர்' என்று சிறப்பித்தது. முத்துத்தாண்டவரும் கோபாலகிருஷ்ண பாரதியாரும் அவ்வரிசையினர். நம் நூற்றாண்டுக்கு அணித்தே வாழ்ந்த பாபநாசம் சிவன் (1890–1973) மார்கழி விடியலில் மயிலை வீதிகளிற் பஜனை பாடி வந்தவர். திரைத்துறைக்கும் அவர் பாட்டெழுதினார். எனினும் வீதியிற் பாடிய சிவனைக் கேட்டவர்களுக்கு எழுதியவர் யார், பாடுபவர் யார் என்ற பிரிவே தோன்றியிராது.

பியானோ முன் அமர்ந்த பெண்மணி

மேலைநாட்டு மெல்லிசையிலும் இதே சிக்கல் இருந்தது. அமெரிக்காவில் கரோல் கிங் என்னும் அம்மையார் 1960களில் தம் கணவர் ஜெரி கோஃபினுடன் சேர்ந்து பிறர் பாடுவதற்கென்றே பாடல்களை ஆக்கித் தந்து வந்தார். பாட்டுகள் புகழ்பெற்றன; ஆக்கியவர் பெயரோ பின்னணியில் நின்றது. 1971இல் அவர் தாமே பியானோவின் முன் அமர்ந்து பாடி 'டாப்பெஸ்ட்ரி' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். 1960இல் ஷிரெல்ஸ் என்னும் பெண்கள் குழுவினர் பாடிப் பெயர்பெற்ற தம் பாடலொன்றையும் அதில் அவர் மீண்டும் பாடினார். குழுவினர் பாடியபோது இளமைத் துடிப்போடு ஒலித்த அப்பாடல், ஆக்கியவர் குரலில் நிதானமாக ஒலித்தபோது வாழ்ந்து பார்த்தவர் கேட்கும் கேள்வியாக மாறிவிட்டது. சொல் மாறவில்லை, சொல்பவர் மாறினார். 1972இல் அவ்விசைத்தட்டுக்கு கிராமி விருதுகள் நான்கு கிடைத்தன.

இவ்வகை இசைக்குப் பியானோவும் கிதாரும் ஏன் துணையாயின என்பதும் எண்ணத்தக்கது. பியானோவின் கட்டைகள் ஒவ்வொன்றும் ஒரு சுரத்தையே நிலையாக ஒலிக்கும். வீணையைப் போல ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு இழைந்து செல்லும் கமகம் அதில் இல்லை. நம் செவிக்கு இது குறையே. ஆனால் எளிய மெட்டுக்கு அக்குறையே ஒரு வகையில் நலமாகிறது. கமகத்தின் வளைவுகளிற் சொல் கரைந்துவிடாமல், ஒவ்வோர் அசையும் பேச்சில் நிற்பதுபோலத் தெளிவாக நிற்கும். சுரங்களைக் கூட்டாக ஒலிக்கும் கிதாரும் அத்தகையதே. பாடுபவர் மெட்டின் படிகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கலாம்; கீழே அந்தக் கூட்டொலி தரைபோல் தாங்கிநிற்கும். ஒருவரே வாசித்துப் பாடுவதற்கு இதனினும் ஏற்ற ஏந்து வேறில்லை.

ஈழத்தின் சூழல்

1952ஆம் ஆண்டையொட்டி நம் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, இந்திய நேயர்கள் சிற்றலையில் இலங்கை வானொலியை நாடினர் என்பதை மூத்தோர் அறிவர். நமக்குத் திரைப்பாட்டை வழங்கிய அந்நாட்டுத் தமிழருக்கோ, தமக்கெனச் சொந்தப் பாட்டு வேண்டும் என்ற வேட்கை வளர்ந்துவந்தது. 1970களின் முற்பகுதியில் இலங்கை அரசு இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியதும், தமிழகத்துப் பருவ இதழ்களின் வரவு குன்றியதும், உள்நாட்டு ஆக்கங்களுக்கு இடம் தந்தன.

சிங்களரிடையே 'பைலா' என்னும் ஆடற்பாட்டு முன்னமே வேரூன்றியிருந்தது. போர்த்துக்கேயர் காலத்து எச்சமாகிய இதன் பெயர், ஆடுதலைக் குறிக்கும் அவர்தம் சொல்லிலிருந்து வந்தது. ஆப்பிரிக்க வழியினரின் தாளமும் அதிற் கலந்தது. ஆறெண்ணிக்கையில் துள்ளிவரும் அந்நடை தமிழ்ச் செவிக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. நம் கும்மியின் திஸ்ர நடையும், அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தின் துள்ளலும் நமக்குள் ஊறியிருப்பதே அதற்குக் காரணம். மேலைக் கிதாரும், சிங்களப் பைலாவும், தமிழ்ச் சிந்தும் ஒரு தீவில் சந்தித்த சந்திப்பே ஈழத்துப் பொப் இசை. யாழ்ப்பாணத்தவரான நித்தி கனகரத்தினம் கிதாரை ஏந்தித் தாமே யாத்துப் பாடிய பாடல்களால் இதற்கு வழிவகுத்தார். பின்வந்த ஏ. ஈ. மனோகரன் 'பொப் இசைச் சக்கரவர்த்தி' என்ற பட்டத்தோடு கடல்கடந்து தமிழகத்திலும் புகழ்பெற்றார்.

மாமியும் மருமகனும்

நித்தியின் பாடல்களுட் பெரிதும் பரவியது 'சின்ன மாமியே' என்பது. பொருள் மிகச் சிறிது. இளைஞன் ஒருவன் மாமியிடம் அவள் மகள் எங்கே என்று கேட்கிறான். மாமி விடை கூறுகிறாள். வினாவும் விடையுமாகப் பாட்டு நகர்கிறது.

இதன் நயத்தை நாம் முழுதும் உணர ஒரு சொல்லின் பொருளை அறிதல் வேண்டும். தில்லிக் குடியிருப்புகளில் அண்டைவீட்டு அம்மையாரை 'மாமி' என்கிறோம். லக்ஷ்மிபாய் நகரில் ஒரு மாடிப்படிக்கு இரண்டு மாமிகளாவது இருப்பர். யாழ்ப்பாணத்தில் அது முறைப்பெயர். அவள் மகளை மணக்கும் உரிமை அவ்விளிக்குள்ளேயே அடங்கியுள்ளது. ஆகவே அவ்விளைஞன் 'மாமியே' என்று வாய்திறந்த கணமே தன் விண்ணப்பத்தைக் கூறி முடித்துவிட்டான். எஞ்சிய பாட்டு முழுதும் அந்த ஒரு சொல்லின் விரிவுரையே. காதல் என்ற சொல்லைத் தொடாமலே காதற்பாட்டு அமைந்துவிடுகிறது.

இனி, அதன் கூற்றமைதியை நோக்குவோம். அகத்திணை மாந்தர்க்கு இயற்பெயர் கூறலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த வரையறை. தலைவன், தோழி, செவிலி என்று உறவும் நிலையுமே பேசப்படும். புலவன் அவர்கள் வாயிலாகவே பேசுவான். இங்கும் பெயரில்லை, மாமி உண்டு, மருமகன் உண்டு. பாடுபவர் தம் நெஞ்சைத் திறந்து காட்டவில்லை; இருவர் பேச்சைத் தம் குரலில் ஏற்றுக் காட்டுகிறார். மாதவிக்கு நேர்ந்த இடர் இவருக்கு நேராததற்கு இதுவே காரணம். தன்குரலிற் பிறர் கூற்றை வைத்ததால், பாட்டு அவருடைய வரலாறாகச் சுருங்காமல் எல்லாருடைய வீட்டு முற்றத்துக்கும் உரியதாயிற்று. மேலைநாட்டுத் தனிப்பாடகர் பெரும்பாலும் 'நான்' என்று தொடங்குவர். அவர்களுடைய கருவியைக் கைக்கொண்ட இவர், கூற்றில் நம் அகமரபின்வழியே நின்றார். அவரைப் போற்றுவதற்கு முதற்காரணம் இது.

இரண்டாவது காரணம் மொழி. மெட்டுக்குச் சொல் பொருத்தும் கவிஞர்க்கு நெடில் விழவேண்டிய இடத்திற் குறில் நின்றால் இடர்ப்பாடு; அசை நிரப்பச் செயற்கைச் சொற்கள் புகும். நித்தியிடம் பேச்சின் ஏற்ற இறக்கமே மெட்டாகிவிடுகிறது. கேள்வியின் இறுதியிற் குரல் உயர்வதும், விடையின் இறுதியிற் படிவதும் பேச்சுத் தமிழின் இயல்பு. அவ்வியல்பின்மேலேயே பாட்டு நடக்கிறது. ஒருமுறை கேட்டவர் மறவாமைக்கு இதுவே காரணம் எனலாம்.

மற்றொரு பாடலாகிய 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' என்பதும் இவ்வாறே ஆராயத்தக்கது. கள்ளுண்ணாமைக்குத் திருவள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்தார். குறள் அறம் உரைக்கிறது, இப்பாட்டு மன்றாடுகிறது. மன்றாட்டுக்குச் சோக இராகமே ஏற்றது என்று எவரும் கருதுவர். இவரோ துள்ளல் மெட்டை எடுத்துக்கொண்டார். கடைக்குள் இருப்பவனும் தாளமிட்டுப் பாடக்கூடிய மெட்டில், கடைக்குப் போகாதே என்ற சொல்லை வைத்தார். மேடையிலிருந்து அறிவுரை கூறினால் அவன் எழுந்து போவான். தன் வாயாலேயே அதனைப் பாட நேர்ந்தவன் எங்கே போவான்? பனங்கள் பெருகிய நாட்டில் இதனினும் கூரிய உத்தியைக் கைக்கொள்ளுதல் அரிது.

குறைகளும் உள

குறைகூறாது புகழ்வது திறனாய்வாகாது. இப்பாடல்களின் சுரப்பரப்பு குறுகியது. பல்லவியின் மெட்டே சரணத்திலும் சிறு மாற்றத்தோடு திரும்பி வருவதுண்டு. பாடுபொருளும் வீதி, வீடு, கடை என்ற எல்லைக்குள் நிற்கிறது. 'சின்ன மாமியே' பாட்டில் மாமி பேசுகிறாள், மருமகன் பேசுகிறான். யாரைப் பற்றிய பேச்சோ அந்தப் பெண் பேசுவதில்லை. அவள் வெளியே செல்வதை ஐயத்தோடு நோக்கும் கண் அவ்விளைஞனுடையது. அகப்பாடல்களில் தலைவியின் கூற்றும் தோழியின் கூற்றும் எவ்வளவு இடம் பெற்றன என்பதை எண்ணினால் இக்குறையின் அளவு விளங்கும். அப்பெண்ணின் விடையைப் பின்வந்த தலைமுறைப் பெண் ஒருத்தி தானே யாத்துத் தன்குரலிற் பாடுவாளாயின், அதுவே இப்பாட்டுக்குச் செய்யும் தக்க மரியாதையாகும்.

பாட்டு நின்றது, பெயர்?

தனிக்கலைஞருக்குக் காப்பாக நிறுவனம் ஏதுமில்லை. பாட்டு பரவப் பரவப் பெயர் உதிர்கிறது. மேடைதோறும் எத்தனையோ குரல்கள் 'சின்ன மாமியே' பாடிவிட்டன. கல்லூரிச் சுற்றுலாப் பேருந்துகளில் அது நாட்டுப்பாடலாகவே ஆகிவிட்டது. மனோகரன் பாடிப் பரப்பிய 'சுராங்கனி' 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்திற் புகுந்து திரைப்பாட்டாகவே பலருக்கு அறிமுகமாயிற்று. யாத்தவர் பெயர் தெரியாமலே ஒரு பாட்டு மக்கள் வாயில் வாழ்வது பெருமை என்பார் உளர். பெருமைதான், ஆனால் அப்பெருமை பாட்டுக்கே உரியது. ஒப்பிலா உவமைகளை விட்டுச் சென்ற சங்கப் புலவர் சிலருடைய இயற்பெயரை இழந்துவிட்டு, அவர்தம் தொடர்களையே பெயராக இட்டு அழைக்கிறோம். அந்த இழப்பு ஏடுகள் அழிந்த காலத்தில் நேர்ந்தது. ஒலிநாடாவும் கணினியும் கைபேசியும் உள்ள காலத்தில் அதே இழப்பு நேருமாயின் அது நம் அசட்டையே.

இன்னொன்றும் நினைவுகூரத்தக்கது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1983க்குப் பின் அம்மண்ணின் மக்கள் பல நாடுகளுக்குச் சிதறினர். நித்தி கனகரத்தினமும் ஆஸ்திரேலியாவில் வாழலானார். ஏடுகளைச் சுமந்து செல்ல இயலாதவர்களும் பாட்டைச் சுமந்து சென்றனர். டொரான்டோவிலும் இலண்டனிலும் மெல்பர்னிலும் திருமண வீடுகளில் இளையோர் இப்பாடல்களுக்கு ஆடும்போது, யாழ்ப்பாணத்துப் பேச்சின் ஒலிநயம் அவர்கள் அறியாமலே அவர்கள் நாவில் ஏறுகிறது. இலக்கணநூல் செய்ய இயலாத பணி இது.

மண்ணைவிட்டு வந்து தமிழைப் பேணும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வீட்டுப் பேச்சாகவே எஞ்சியிருக்கிறது. அப்பேச்சிலேயே பாட்டு பிறக்கலாம் என்பதற்கு நித்தி கனகரத்தினம் சான்று. சங்க விழாக்களில் திரைப்பாட்டுப் போட்டி நடத்துகிறோம், நன்று. அத்துடன், தாமே எழுதித் தாமே மெட்டமைத்த பாட்டொன்றைக் கிதாருடனோ பியானோவுடனோ பாடும் இளைஞர்க்கும் ஓர் அரைமணி ஒதுக்குவோமாக. பாடியபின் யாத்தவர் பெயரை மேடையிற் சொல்வோமாக. அவ்வழக்கம் நித்தி கனகரத்தினத்தின் பெயரிலிருந்தே தொடங்கட்டும்.