பிறர் பாட்டைப் பாடுதல்: இந்தியாவிலும் இலங்கையிலும்

ஒரு பாடகர் தம் தேசத்துப் பாட்டாசிரியர் ஒருவருடைய பாடல்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றை ஒரே இசைத்தட்டாகத் தொகுத்துத் தம் குரலில் வெளியிடுவது பாரத தேசத்தில் யாருக்கும் அதிசயமாகத் தோன்றாத காரியம். கொழும்பில் அதையே ஒருவர் செய்தால், பாட்டுக்கு உரியவரின் குரல் இருக்கும்போது இன்னொரு குரல் எதற்கு என்ற கேள்வி பலர் மனத்தில் எழத்தான் செய்கிறது. இரு நாட்டு ரசிகர்களின் ரசனையில் ஏற்றத்தாழ்வு இருப்பதால் இப்படி நேர்கிறது என்று நான் கருதவில்லை. பாட்டு எந்தச் சாதனத்தின் வழியாக ஜனங்களை வந்தடைந்தது என்பதில்தான் காரணம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

கர்நாடக சங்கீதத்தில் பாட்டை இயற்றும் வாக்கேயக்காரர் வேறு, அதைப் பாடும் வித்துவான் வேறு. தியாகராஜ சுவாமிகள் 1847-ஆம் ஆண்டில் சித்தியடைந்தார். அவர் குரலைப் பதிந்து வைக்க அன்று கருவி ஏதும் கிடையாது. ஆகவே உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாப்பேட்டை என்ற சிஷ்ய பரம்பரைகளின் வாயிலாகவே அவருடைய கிருதிகள் நமக்குக் கிடைத்தன. ஒரே கிருதி மூன்று பாடாந்தரங்களில் மூன்று விதமாக ஒலிப்பதை எவரும் குற்றமாகச் சொல்வதில்லை. அன்னமய்யா என்ற அன்னமாச்சாரியார் விஷயம் இதைவிட விநோதமானது. பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அவருடைய சங்கீர்த்தனங்கள் திருமலையில் செப்பேடுகளில் உறங்கிக் கிடந்து இருபதாம் நூற்றாண்டில் வெளிப்பட்டபோது, ஏடுகளில் சாஹித்யமும் ராகத்தின் பெயரும் இருந்தனவே ஒழிய மெட்டு இல்லை. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்ற பெரியோர் புதிதாக வர்ணமெட்டு அமைத்த பிறகே அவை மேடைக்கு வந்தன. எம். எஸ். சுப்புலட்சுமி 'பாலாஜி பஞ்சரத்னமாலா' என்று ஐந்து இசைத்தட்டுகளில் அன்னமய்யாவின் கீர்த்தனங்களைப் பாடியபோது, அசலுக்கு விரோதம் என்று சொல்ல ஒருவருக்கும் வாயில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அசல் என்று ஒன்று இருந்தால் அல்லவா?

பாரதியாரும் தம் பாடல்கள் பலவற்றுக்கு ராக தாளம் குறித்து வைத்தவர். ஆயினும் இன்று நாம் கேட்கும் மெட்டுகளிற் பெரும்பாலானவை பின்வந்தவர்கள் அமைத்தவை. அவருடைய பாடல்களை ஒலிபரப்பவும் இசைத்தட்டில் பதியவும் உள்ள உரிமை கைமாறிக் கைமாறி ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. 1947-இல் அவர் எடுத்த 'நாம் இருவர்' படத்தில் டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் பட்டிதொட்டியெங்கும் பரவின. 1949-இல் சென்னை அரசாங்கம் அந்த உரிமையைத் தானே ஏற்றுக்கொண்டு, பிற்பாடு பொதுச்சொத்தாக ஆக்கிவிட்டது. கச்சேரி முடிவில் துக்கடாவாக ஒரு பாரதி பாட்டுப் பாடாத வித்துவானை இன்று தேடத்தான் வேண்டும்.

வங்கத்தின் கதையோ வேறு. இரவீந்திரநாத தாகூர் இயற்றிய பாடல்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றிற் பெரும்பாலானவற்றின் ஸ்வரங்கள் 'ஸ்வரபிதான்' என்னும் தொகுதிகளில் அச்சேறியிருக்கின்றன. கவி உயிரோடிருந்த நாளில் மனம் விசாலமாகத்தான் இருந்தது: அவருடைய கவிதை ஒன்றுக்குப் பங்கஜ் மல்லிக் தாமே மெட்டமைத்து 1937-இல் 'முக்தி' என்ற படத்தில் பாடியதற்கு அவர் அநுமதி கொடுத்தார். அவர் மறைந்த பின்னர் விசுவபாரதியின் சங்கீதக் குழு இசைத்தட்டுகளைப் பரிசீலித்து அங்கீகாரம் அளிக்கும் வழக்கம் நிலைபெற்றது. கம்பீரமான குரலால் இலட்சக்கணக்கானவர்களைக் கவர்ந்த தேவவிரத பிசுவாஸ், பக்கவாத்தியங்கள் மிகுதி, பாடும் முறை சரியில்லை என்ற ஆட்சேபங்களைச் சகிக்கமாட்டாமல், இரவீந்திர சங்கீதத்தை இசைத்தட்டில் பதிவதையே நிறுத்திக்கொண்டார். 2001-ஆம் ஆண்டின் முடிவில் பதிப்புரிமை காலாவதியான பிறகே அந்தக் காவல் நீங்கியது. காவலும் கட்டுப்பாடும் இருந்தமையால் பாட்டுச் சிதையாமல் இருந்தது என்பார்கள்; இருக்கலாம். ஒரு மகா பாடகனை மௌனமாக்கிய காவலை மெச்சுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

இலங்கையில் நவீன சிங்கள கீதம் இசைத்தட்டோடும் வானொலியோடும் பிறந்த குழந்தை. ஆனந்த சமரக்கோனும் சுனில் சாந்தவும் சாந்திநிகேதனத்தில் பயின்று திரும்பியவர்கள். தாமே மெட்டமைத்து, தாமே பாடியவர்கள். ஆகையால் பாட்டைக் கேட்ட முதல் நாளிலேயே ஜனங்கள் அதைக் குரலோடு சேர்த்தே கேட்டார்கள். சாஹித்யம், மெட்டு, குரல் என்று மூன்றாகப் பிரித்தறிய அவர்களுக்கு அவகாசமே கிட்டவில்லை. 1952-இல் ரேடியோ சிலோன், லக்னோவிலிருந்து பண்டிதர் ரத்தன்ஜன்கரை வரவழைத்துக் கலைஞர்களைத் தரம் பிரிக்க முனைந்தபோது, இவ்விருவரும் அந்தப் பரீட்சைக்கு உட்பட மறுத்தார்கள். சுனில் சாந்தவின் குரல் வானொலியை விட்டு நீங்கியது. பிற்காலத்தில் அவருடைய கீதங்களை மேடைதோறும் பாடியவர் அவர் மாணவரான ஐவர் டெனிஸ். ஆயினும் சிஷ்யர் பாடினாலும் அது குருவின் குரலுக்குச் செலுத்திய காணிக்கையாகவே கொள்ளப்பட்டது. பாடாந்தரம் என்று யாரும் சொல்லவில்லை. மஹகம சேகர எழுதி அமரதேவ பாடிய கீதங்களுக்கும் இதே கதிதான்: சேகர 1976-இல் காலமானார், ஆயினும் அந்த வரிகளை அமரதேவவின் குரலன்றி வேறொன்றில் நினைத்துப் பார்க்கவும் சிங்கள ரசிகர் துணிவதில்லை. 1973-இல் விக்டர் ரத்நாயக்க 'ச' என்ற தனிக் கச்சேரியைத் தொடங்கியபோதும் ஒரே பாடகர், அவர் இசையமைத்து அவர் பாடிய பாடல்கள் என்ற நியதியே மேலும் உறுதிப்பட்டது.

அசலின்மேல் இத்தனை பற்றுள்ள தேசத்தில், தேசிய கீதத்தின் சொற்களையே ஆசிரியரின் சம்மதமின்றி 1961-இல் மாற்றினார்கள் என்பது விசித்திரம். அந்த ஆசிரியரான ஆனந்த சமரக்கோன் அடுத்த ஆண்டே மனமுடைந்து மாண்டார்.

சிங்கள கீதத்துக்காவது மூலக்குரல் பத்திரமாகப் பதிவில் இருக்கிறது. ஈழத்துத் தமிழ்ப் பாட்டுக்கு அந்தப் பாக்கியமும் முழுமையாக வாய்க்கவில்லை. ஈழத்துக் கவிஞர் மஹாகவியின் 'புதியதொரு வீடு' என்ற பாநாடகத்தில் மணலில் ஊரும் சிறு நண்டைப் பற்றி வரும் பாட்டும், பெரியநீலாவணையிற் பிறந்த நீலாவணனின் இசைப்பாக்களும், எஸ். கே. பரராஜசிங்கம் போன்றோர் வானொலியில் வளர்த்த மெல்லிசைப் பாடல்களும் ஈழத்தவர் நினைவில் இன்றும் நிற்கின்றன. கடலுக்கு இப்பால் அவற்றை அறிந்தவர் சிலரே. தென்னிந்தியத் திரைப்பாட்டைத் தமிழகத்து வீடுகளுக்குள் கொண்டு சேர்த்த அதே இலங்கை வானொலி, தன் சொந்த மெல்லிசையை அங்கே கொண்டு சேர்க்க முடியாமற் போயிற்று. ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' ஒன்று விதிவிலக்கு. 1977-இல் இளையராஜா இசையமைத்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தின் வழியாக அது சென்னைக்குள் நுழைந்தது. அதைப் பாடிக் களித்தவர்களில் எத்தனை பேர் அது எந்தக் கரையிலிருந்து வந்தது என்று விசாரித்தார்கள்?

ஆதலால் ஈழத்துத் தமிழ்ப் பாடகர்களிடம் என் கோரிக்கை இது. வங்கத்துக் காவலும் வேண்டாம், மூலக்குரலைத் தொடக்கூடாது என்ற கூச்சமும் வேண்டாம். மஹாகவியையும் நீலாவணனையும் எடுத்துக்கொள்ளுங்கள். மெட்டு நினைவிலுள்ள முதியோர் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் பாடங் கேளுங்கள். மெட்டுக் கிடைக்காத இடத்தில் அன்னமய்யாவுக்குச் செய்தது போலப் புதிதாக அமையுங்கள். உறையின்மேல் உங்கள் பெயரை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் அச்சிட்டுக்கொள்ளலாம்; பாட்டை எழுதியவர் பெயரும் மெட்டமைத்தவர் பெயரும் அதே எழுத்தளவில் பக்கத்திலே இருக்கட்டும்.