பேய்ப்படத்தில் பயம் எங்கே இருக்கிறது?

வில்லியம் ஃப்ரீட்கின் 1973இல் இயக்கிய ‘தி எக்ஸோர்சிஸ்ட்’ என்றால் திரும்பும் தலையையும் பச்சை வாந்தியையும்தான் எல்லாரும் சொல்வார்கள். என்னை உலுக்கியது வைத்தியசாலைக் காட்சி. 12 வயது ரீகனின் கழுத்தில் ஊசி ஏற்றிப் படம் பிடிக்கிறார்கள். அங்கே ஷைத்தான் தெரிவதில்லை. இரையும் இயந்திரமும் துடிக்கும் புள்ளையும்தான். கோளாறு எதுவும் அகப்படவில்லை. மதநம்பிக்கையற்ற தாயிடம் பேயோட்டும் சடங்கைப் பற்றிச் சொல்வதே வைத்தியர்கள்தான். மாடியில் கிடப்பது தன் மகளே அல்ல என்று அவள் சொல்லும்போது படம் நம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

பின்வந்த பல படங்கள் தொடக்கத்திலேயே பேயைக் காட்டிவிடுகின்றன. சந்தேகம் போனால் பயமும் போய்விடும். ஜின்கள் உண்டென்று ஈமான் கொண்ட நமக்கு அதுவல்ல கேள்வி. ‘இது நோயா, வேற என்னவுமா? நான் பெத்த புள்ள எங்க?’ என்று ஒரு உம்மா தடுமாறுவதுதான் திகில். அதைக் காட்டாத படம் சத்தம் போட்டு நம்மைத் திடுக்கிட வைக்கும்; அவ்வளவுதான்.