கம்பிச் சுருளும் தேயிலை உலையும்

குழாயினுள் கம்பியைச் சுருளாக்கிச் செருகினால் அதன் சுவரூடாக வெப்பம் விரைந்து கடக்கும் என்னுங் கருத்துப் புதியதன்று. நீராவி ஒடுக்கம் பற்றி யூல் என்னும் ஆங்கில அறிஞர் 1861ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுரையிலேயே அது காணப்படுகின்றது. நீராவிக் குழாயைச் சூழ்ந்தோடிய குளிர்நீரின் வழியிலே அவர் சுருளை வைத்தார். வெப்பக் கடப்பு மிகுந்தது. பின்வந்தோருட் பலர் சுருளைப் போற்றினரேயன்றி, அவர் அதனை வைத்த இடத்தை நோக்கினாரல்லர்.

இடமே ஈண்டு முதன்மையானது. ஒடுங்கும் நீராவி தன் வெப்பத்தைச் சுவருக்கு எளிதிற் கொடுத்துவிடும். தடை பெரிதும் நீரின் பக்கத்தது. சுவரையொட்டி மந்தமாக நகரும் நீர்ப்படலம் போர்வைபோல் நின்று வெப்பத்தை மறிக்கின்றது. அப்படலத்தைக் குலைப்பதே சுருளின் தொழில். நீராவியின் பக்கத்தில் அதனை வைத்திருப்பின் பயன் சிறிதே.

அளவுகளும் பாதியாகவே எடுத்துரைக்கப்படுகின்றன. ஸ்பானிய ஆய்வாளர் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவுகளின்படி, கொந்தளிப்பான ஓட்டத்திலே சுருளால் வெப்பக் கடப்பு 4 மடங்குவரை உயரும்; அமுக்க இழப்போ 9 மடங்குவரை உயரும். முன்னதை உரக்கக் கூறிப் பின்னதை விடுத்தல் வரவேட்டை விரித்துச் செலவேட்டை மூடுவதை ஒக்கும்.

ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு இதனைப் பொருத்திப் பார்த்தால் குறை தெளிவாகும். அங்கு நொதித்த கொழுந்தை உலர்த்துவது ஏறத்தாழ 90 முதல் 100 சதமபாகைவரை சூடேறிய காற்று. விறகுலையின் புகை குழாய்களினுள்ளே செல்ல, விசிறி செலுத்தும் காற்றுப் புறத்தே சூடேறும் அமைப்பை எடுத்துக்கொள்வோம். இரு பக்கமும் வாயு. இரண்டும் வெப்பத்தை அரிதாகவே கொடுத்து வாங்குவன. இரு பக்கத் தடைகளும் சமமாயின், உட்புறத் தடையை முற்றாக ஒழித்தாலும் வெப்பக் கடப்பு 2 மடங்கையே எட்டும். 4 என்னும் எண்ணுக்கு அங்கு இடமேயில்லை. இஃது எளிய கணக்கு. எனினும் செய்து பார்ப்போர் சிலரே.

மலையின் உயரமும் கருதற்பாலது. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலே காற்றின் அடர்த்தி கடற்கரையிலுள்ளதன் ஐந்தில் நான்கு பங்களவே. புகைபோக்கியின் இழுவையும் அதற்கேற்பக் குறையும். குறைந்த இழுவைக்கு மேலும் ஒரு தடையாகச் சுருளை வைத்தால், புகை தயங்கிக் கரி அதிலேயே படியும். கரி துடைக்கும் தொழிலாளியின் தூரிகையும் அக்குழாயினுட் செல்லாது. சூடு தணியாத உலையருகே நின்று சுருள்களை ஒவ்வொன்றாக உருவி எடுக்கவேண்டியவன் அவனே. ஆய்வுக்கூடத்துத் தூய நீர் இத்தொல்லையை அறியாது.

சுருளுக்குரிய இடம் அதே தொழிற்சாலையில் வேறுண்டு. மின்சாரம் தடைப்படுங்கால் இயங்கும் டீசல் எந்திரத்தின் எண்ணெய், குழாயினுட் சென்று நீராற் குளிருமாயின், தடை எண்ணெயின் பக்கத்ததே. வெறுங்குழாயில் இரெயினோல்ட்சு எண் 2,000ஐத் தாண்டிய பின்னரே குலையும் ஓட்டம், சுருளுள்ள குழாயில் 700 அளவிலேயே குலையத் தொடங்கும். எண்ணெயிற் கரிப்புகை இல்லை; பம்பிக்கு வலுவும் உண்டு. யூல் கண்ட நிலைமைக்கு இதுவே அண்மையது.

உலையைப் பொறுத்தவரை, ஈரவிறகை எரித்து அதன் ஈரத்தை ஆவியாக்கவே வெப்பத்தில் ஒரு பங்கைச் செலவிடும் இடத்தில், விறகை வெட்டிக் கூரையின்கீழ் அடுக்கிக் காயவிடுவதே முதற்பணி; அதற்குக் கம்பி வேண்டியதில்லை.